மூடி வைத்தே கெடுகிற கார்கள்

தை பிறந்து இரண்டு வாரம் இருக்கும். ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முகப்பில் ஒரு வண்டி. அதன் மேல் நீலத் தார்ப்பாய், நாலு சக்கரத்தோடும் சேர்த்து நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "கவர் கொஞ்சம் லூசா இருக்கு தம்பி, இறுக்கித் தரணும்" என்றார். தார்ப்பாயை உருவினேன். உள்ளே ஒரு எம்.ஜி.பி. இரண்டு பேர் மட்டும் உட்காரும் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை தயாரான ரகம். துணிக்கூரையை மடித்துவிட்டு, உட்காரும் இடத்தின் மேல் ஒரு ரெக்சின் கவரைப் பட்டன் போட்டு மூடியிருந்தார்கள்.

நாலு பட்டன் கழற்றியதுமே வாடை வந்தது. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. கவரின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். சீட்டின் தையல் ஓரமெல்லாம் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை. குனிந்து தரைவிரிப்பை உள்ளங்கையால் அழுத்தினேன். விரல் இடுக்கில் தண்ணீர் ஏறியது. அப்போது மழை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

"ஒரு சொட்டு மழை உள்ள போகல தம்பி. பார்த்துப் பார்த்துத்தான் மூடினேன்" என்றார் பெரியவர்.

அவர் சொன்னது உண்மைதான். மேலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை. மூடிய அன்றைக்கு விரிப்பிலும் அதன் அடியிலிருந்த ஃபெல்ட்டிலும் இருந்த ஈரம், கடற்காற்று கொண்டுவந்த ஈரம், எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. பகலில் வெயில் பட்டு ஆவியாகிறது. ராத்திரி கவர் குளிர்ந்ததும் அதன் உள்பக்கத்தில் நீராகப் படிந்து திரும்பச் சொட்டுகிறது. இட்லிப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பானைக்குள் சீட், விரிப்பு, மீட்டர்கள், ஒயர்கள் எல்லாம் மாதக்கணக்கில் வெந்துகொண்டிருந்தன.

இதில் உண்மையான நஷ்டம் பூஞ்சை இல்லை. பூஞ்சையைத் துடைத்துவிடலாம். எம்.ஜி.பி.க்குத் தனியாகச் சேசிஸ், அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுகிற பெட்டி போன்ற தகடுகள்தான் வண்டியின் முதுகெலும்பு. கூரையில்லாத வண்டி என்பதால் பாரம் அதிகமாக அங்கேதான் இறங்குகிறது. விரிப்பு ஈரமாகவே கிடந்தால் தரைத் தகடு அரித்து, அரிப்பு அந்தப் பெட்டிக்கும் போகும். ஒரு நாள் கதவு சரியாகச் சாத்தாது. கீல் தேய்ந்துவிட்டது என்று நினைப்போம். வண்டியே நடுவில் தொய்ந்திருக்கும்.

அப்பா காலத்தில் எங்கள் பட்டறையில் லாரித் தார்ப்பாயும் காசிமேட்டு விசைப்படகுகளுக்கான மறைப்புத் துணியும்தான் வேலை. கார் கவர் நான் சேர்த்தது. ஆரம்பத்தில் நானும் ரெக்சினில்தான் தைத்துக் கொடுத்தேன். தண்ணீர் புகாது, பார்க்கவும் பளபளவென்று இருக்கும், விலையும் குறைவு. தைத்துக் கொடுத்த வண்டிகளில் இரண்டு, ஒரே மழைக்காலம் கழித்துப் பூஞ்சையோடு திரும்பி வந்தபோதுதான் தப்பு தையலில் இல்லை, துணியில் என்று புரிந்தது. அந்த இரண்டு பேருக்கும் வேறு கவர் தைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வெளியில் நிற்கிற வண்டிக்கு ரெக்சின் கவர் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நாலு பக்கமும் அடைத்த, ஈரம் வராத கராஜ் இருந்தால் அது வேறு விஷயம்.

ரெக்சினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது வளைவதே அதில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளால். வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். கவர் விறைத்து, சுருங்கி, பட்டன் எட்டாமல் போகும். எட்டாத பட்டனை இழுத்துப் போடுவோம். மடிப்பில் வெடிக்கும்.

நான் பயன்படுத்துவது அக்ரிலிக் கேன்வாஸ், சதுர மீட்டருக்கு 300 கிராம் வாக்கில். நூல் இழுக்கும் முன்பே சாயம் கலந்துவிடுவதால் சீக்கிரம் வெளுக்காது. மழை மேலே உருண்டு ஓடும், உள்ளிருக்கும் ஆவி நெசவு வழியாக வெளியே போகும். ஆனால் இந்தத் துணியில் தண்ணீர் குளம் கட்டி நின்றால் மெல்லக் கசியும். அதனால் கவரில் சரிவு வேண்டும். கதவுக்குக் கதவு ஒரு உறை தைத்து, கூடாரத்துக்குப் போடுகிற வளையும் கம்பியை அதில் செருகிவிடுவேன். நடுவில் முதுகு தூக்கி நிற்கும், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். சீட்டுக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் வலை வைத்த ஒரு காற்றுவாய், மழை அடிக்காதபடி பின்பக்கம் பார்த்து, மேலே சின்னக் குடை வைத்து. படகு உறைகளில் அப்பா வைத்ததுதான் இது. காருக்கும் வைக்கலாம் என்று தோன்ற எனக்குத்தான் இத்தனை காலம் ஆனது.

பெரியவரின் கவர் ஏன் லூசாக இருந்தது என்பதும் சொல்லவேண்டிய கதைதான். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பியது அது. எம்.ஜி.பி.க்கென்றே தைத்த கவர்தான். ஆனால் ஸ்டீயரிங்குக்கான புடைப்பு இடது பக்கம் இருந்தது. அந்த ஊரில் ஸ்டீயரிங் இடது பக்கம், நமக்கு வலது பக்கம். வலப்பக்கம் ஸ்டீயரிங் முட்டித் தூக்க, இடப்பக்கம் காலியான பை தொங்க, அதில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. சீட்டில் தலைசாய்ப்பு இருக்கிறதா இல்லையா என்பதிலும் இதே சிக்கல். ஆரம்பகால வண்டிகளில் அது இல்லை, பின்னால் வந்தவற்றில் உண்டு. வண்டியின் பெயரைச் சொல்லி வாங்கினால் போதாது. உங்கள் வண்டியின் மேல் விரித்து அளவெடுத்ததுதான் உங்கள் வண்டிக்குப் பொருந்தும்.

அளவெடுக்க நான் காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விடுவேன். மெல்லிய, ஊடே தெரிகிற பிளாஸ்டிக் தாளை வண்டி மேல் விரித்துத்தான் அச்சு எடுப்பது. வெயில் ஏறினால் தாள் இளகி நீண்டுவிடும், அந்த நீளம் கவரில் தொய்வாக வந்து நிற்கும். முதலில் முன்கண்ணாடி அடியின் நடுவிலிருந்து பின்னால் டிக்கி மூடியின் நடுவுக்கு ஒரு நூல் கட்டி நடுக்கோடு. தாளை அந்தக் கோட்டில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு, அங்கிருந்து ஓரங்களை நோக்கி இழுத்து இழுத்து ஒட்டவேண்டும். பார்சலுக்கு ஒட்டுகிற பிரவுன் டேப்பைப் பெயிண்ட் மேல் ஒட்டவே கூடாது. பழைய பெயிண்ட் அதோடு உரிந்து வரும். பிறகு கண்ணாடி அடி, கதவின் மேல்விளிம்பு, பட்டன் மாட்ட வண்டியில் பதித்திருக்கும் ஒவ்வொரு குமிழ் என்று வரிசையாகக் குறி. தாளில் "முன்", "பின்", "மேல்பக்கம்" என்று எழுதாமல் நான் கழற்றுவதில்லை. தாள் புரண்டுவிட்டால் வலது இடதாகிவிடும். வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது.

"டேப் வெச்சு அளந்தா போதாதாண்ணே?" என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். டேப் நீளத்தைச் சொல்லும், புடைப்பைச் சொல்லாது. ரவிக்கை தைப்பவர்களுக்கு இது தெரியும். டாட், அதாவது துணியைக் கிள்ளித் தைக்கிற மடிப்பு, எங்கே பிடிக்கிறோம் என்பதில்தான் பொருத்தமே இருக்கிறது. ஸ்டீயரிங் மேல் தாள் எங்கெங்கே சுருங்குகிறதோ அங்கங்கே கிள்ளிப் பிடித்து, கிள்ளிய இடத்தைக் குறித்துக்கொள்வேன். அதிலிருந்து தொப்பி மாதிரி ஒரு தனிப்பகுதி வெட்டி, நடுக்கோட்டிலிருந்து அளந்து பொருத்துவது. முதலில் காடாத் துணியில் ஒரு முறை. அதை வண்டியில் போட்டுப் பார்த்துத் திருத்திய பிறகே நல்ல துணியில் கத்தரி. 60 அங்குல அகலத் துணி இரண்டரை மீட்டர் இருந்தால் இந்த அளவு வண்டிக்குப் பைகளும் ஓரப்பட்டையும் சேர்த்து வந்துவிடும்.

தையலில் இரண்டே விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். நூல் பாலியெஸ்டரா? பருத்தி நூல் ஈரத்தில் மக்கும், நைலான் வெயிலில் வலுவிழக்கும். துணி நன்றாக இருக்கும்போதே தையல் விட்டுப் போகிற கவர்கள் பெரும்பாலும் நூலால் போனவைதான். நான் போடுவது 92-ஆம் நம்பர் பாலியெஸ்டர், ஊசி 18. அடுத்தது, இணைப்பு எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது? ஓடு வேய்வது போல மேல் துணி கீழ்த் துணியின் மேல் படிய வேண்டும். தலைகீழாக மடித்தால் அந்த மடிப்பே வாய்க்காலாகித் தண்ணீரை ஊசித் துளைக்குக் கொண்டுபோய் விடும்.

வடசென்னைக்காரர்கள் பட்டன் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். முலாம் பூசிய இரும்பு டிச் பட்டன் ஓர் ஐப்பசியைத்தான் தாங்கும். பிறகு துரு ஒழுகி, பட்டனுக்குக் கீழே பெயிண்டில் காவிக் கோடு விழும். வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டனில் பலமாக ஒட்டினால் அது இரும்பு, வேண்டாம். பித்தளை, அல்லது கடலோரத்துக்கென்றே உள்ள 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். ஜிப் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பல் வைத்தது போதும். உலோகப் பல் உப்புக் காற்றில் இறுகிவிடும்.

குமிழ் இல்லாத புது வண்டியில் அதற்காகத் துளை போடச் சொன்னால் நான் போடுவதில்லை. கதவு இடுக்கில் செருகுகிற நாக்குப் பட்டைகள், கீழே ஃபெல்ட் ஒட்டிய வார்கள் இவற்றை வைத்தே நிறுத்திவிடலாம். திறந்த ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பழைய வண்டியில் ஏற்கெனவே இருக்கும் துளையில் புதுக் குமிழ் போடும்போது, வெறும் தகடு தெரிகிற இடத்தில் பிரைமர் தடவி, நைலான் வாஷர் வைத்து முறுக்க வேண்டும். அந்தத் துளையில் தொடங்குகிற துரு பெயிண்டுக்கு அடியில் ஓடும். கண்ணுக்குத் தெரியும்போது விரல்கடை அகலத்துக்குப் போயிருக்கும்.

தூசியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்ற பிறகு ராயபுரம் பக்கம் கரித்தூள் குறைந்தது. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு அனல்மின் சாம்பல் இன்னும் தினசரி விருந்தாளி. பார்க்க விபூதி போல மென்மையாக இருக்கும் அந்தச் சாம்பல், கண்ணாடித் துகள் மாதிரிக் கடினமானது. தளர்ந்த கவரின் ஓரம் அதோடு சேர்ந்து காற்றில் அடித்துக்கொண்டால், பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். ஓரம் இறுகி நிற்கவேண்டும், ஓரத்தின் அடியில் மெத்தென்ற பட்டை இருக்கவேண்டும், கவரைக் காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கழுவிவிடுங்கள். அழுக்கிருந்தால் மிதமான சோப்பு, பச்சைத் தண்ணீர். வாஷிங் பவுடர் போட்டு ஊறவைத்தால் துணியின் நீர்விலக்கும் பூச்சு போய்விடும்.

பெரியவரின் வண்டியில் என்னைப் பதற வைத்தது வேறொன்று. சீட்டுக்குப் பின்னால் இருந்து ஒரு ஒயர் கவருக்கு அடியில் வெளியே வந்து சார்ஜரில் மாட்டியிருந்தது. எம்.ஜி.பி.யில் பேட்டரி இருப்பது பானெட்டுக்குள் இல்லை, சீட்டுக்குப் பின்னால். பழைய வண்டிகளில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். ரெக்சினுக்குள் அது போக இடமில்லாமல் தேங்கும். கிளிப்பைப் பிடுங்கும்போது ஒரு பொறி போதும். முதலில் சுவரில் ஸ்விட்சை அணைத்தேன். கவரை முழுவதும் திறந்து, அரைமணி நேரம் கழித்துத்தான் கிளிப்பில் கை வைத்தேன். பேட்டரி எங்கே இருக்கிறது என்று உங்கள் வண்டியில் பார்த்துவையுங்கள். உட்காரும் பகுதியில் இருந்தால், கவர் எந்தத் துணியாக இருந்தாலும், திறந்து வைத்துத்தான் சார்ஜ் போடவேண்டும்.

விரிப்பையும் ஃபெல்ட்டையும் கழற்றி மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்தோம். தரைத் தகட்டில் மேல்துரு மட்டும்தான். பக்கப் பெட்டிகள் தட்டிப் பார்த்ததில் கணீரென்றன. பெரியவர் அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். மாசியில் புதுக் கவர் போட்டோம். நடுவில் ஜிப், ஓட்டுநர் பக்கத்தை மட்டும் திறந்து, மற்ற பாதியை மூடியபடியே ஓட்டலாம். வாரம் ஒரு நாள் காலையில் முழுவதும் திறந்து இரண்டு மணி நேரம் காற்றாட விடச் சொன்னேன். மழையில் நனைந்த மறுநாள் கட்டாயம் திறக்கவேண்டும். மூடுமுன் சீட்டுக்கு அடியில் ஒரு பார்வை. எங்கள் தெருப் பூனைகளுக்கு இதைவிட நல்ல பிரசவ அறை கிடையாது.

பழைய கவரில் பின்பக்கப் பட்டன் மூன்று துணியோடு பிய்ந்திருந்தன. இந்த வண்டிகளில் வருகிற ஒரு வகைப் பட்டன் மூன்று பக்கம் பூட்டிக்கொள்ளும், ஒரு பக்கம் மட்டும்தான் திறக்கும். திறக்கிற பக்கத்தில் மேலே ஒரு சின்னப் புள்ளி துருத்தியிருக்கும். அது தெரியாமல் ஏதாவதொரு பக்கம் பிடித்து இழுத்திருக்கிறார்கள். புதுக் கவரில் எல்லாப் புள்ளியும் வெளி ஓரம் பார்க்க வைத்தேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரல் நுனியால் புள்ளியைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கே நகத்தைக் கொடுத்துத் தூக்கினார். 'டக்'கென்று கழன்றது. "இவ்ளோதானா" என்று அடுத்ததற்கு நகர்ந்தார்.