காஸ்ட்ராக்னீமியஸ்: காலில் ஒரு வயிறு

'காஸ்ட்ரிக் தொந்தரவு' எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். அதே கிரேக்க வேர்தான் காஸ்ட்ராக்னீமியஸ் என்ற கால் தசையின் பெயரிலும் ஒளிந்திருக்கிறது. 'காஸ்டெர்' என்றால் வயிறு. 'க்னேமே' என்றால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி. காலின் பின்பக்கம் தொப்பை போட்டிருப்பதாகக் கிரேக்கர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

தமிழர் கண்ணுக்கு அது மீன். கெண்டைக்கால், கெண்டைச்சதை என்கிறோம். நடுவில் பருத்து இருமுனையும் ஒடுங்கிய வடிவத்தால் வந்த பெயர் என்பதே வழக்கமான விளக்கம். ஆடுசதை என்றும் சொல்வதுண்டு.

அப்படியானால் காஸ்ட்ராக்னீமியஸைத் தமிழில் 'கெண்டைக்கால் தசை' என்று எழுதிவிட்டால் போதுமே? போதாது. அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தசைகள் இருக்கின்றன. வெளியே, தோலை ஒட்டி இருப்பது காஸ்ட்ராக்னீமியஸ்; அதற்கு உள்ளே இருப்பது சோலியஸ். 'சோலியா' என்றால் லத்தீனில் செருப்பு. நாக்குமீன் போன்ற தட்டை மீனுக்கும் அதே பெயர்தான். அங்கும் மீன் வந்துவிட்டது!

இரண்டு தசைகளும் அகிலிஸ் தசைநாணாக (தசையை எலும்போடு பிணைக்கும் நார்ப்பட்டையாக) இணைந்து குதிகால் எலும்பில் முடிகின்றன. பரண்மேல் இருக்கும் டப்பாவை எக்கி எடுக்கும்போது குதிகாலைத் தூக்குபவை இவைதான். வேறுபாடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. காஸ்ட்ராக்னீமியஸ் இரண்டு தலைகளோடு, அதாவது இரண்டு தொடக்க முனைகளோடு, தொடையெலும்பின் கீழ்முனையில் தொடங்கி முழங்காலையும் தாண்டி வருகிறது. சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்து, கெண்டையைக் கையால் பிடித்தபடி குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். மேல்பக்கத் திரட்சி தொளதொளவென்றே இருக்கும்; சற்றுக் கீழே, இரு ஓரங்களிலும் இறுக்கம் தெரியும். முழங்கால் மடங்கியதால் காஸ்ட்ராக்னீமியஸ் தளர்ந்துவிட, பெரும்பாலான வேலை சோலியஸின் தலையில் விழுகிறது.

ஆகவே வெளிக்கெண்டைத் தசை, உட்கெண்டைத் தசை என்று பிரித்துச் சொல்வதே பொருந்தும் என்பது என் கட்சி. தலைகளை எண்ணி 'இருதலைத் தசை' என்றால் புஜத்தில் இருக்கும் பைசெப்ஸோடு குழப்பம் வரும். கெண்டையை விட்டுவிட்டு வயிற்றை மொழிபெயர்ப்பதோ வீண்வேலை.

நடுராத்திரியில் கெண்டை பிடித்துக்கொண்டால் 'நரம்பு இழுத்துவிட்டது' என்று அலறுகிறோம். இறுகிக்கொள்வது தசை. பெரும்பாலும் வெளிக்கெண்டைதான். அதனால் முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு பாதத்தை முகத்தை நோக்கி இழுக்க வேண்டும். மடக்கிக்கொண்டு இழுத்தால் அந்தத் தசை சரியாக நீளாது.