மைக்ரான்கள் எங்கே தொலைகின்றன: சி.என்.சி. மில்லிங்கில் டூல் ஹைட் ஆஃப்செட்

கணினி ஓட்டும் மில்லிங் மெஷினில் ஒரு ஜாப்பில் (வெட்டப்படும் துண்டில்) பாக்கெட்டின், அதாவது குழியின், அடித்தளத்தை 16 மி.மீ. விட்டமுள்ள எண்ட் மில்லால் (நுனியிலும் பக்கத்திலும் வெட்டும் டூல்) ஓட்டிவிட்டு, மூலைகளை மட்டும் 6 மி.மீ. எண்ட் மில்லால் எடுக்கிறோம். ப்ரோக்ராமில் இரண்டுக்கும் ஒரே ஆழம்தான். ஆனாலும் இரண்டு டூல்களின் தடங்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்னப் படியில் விரல் நகம் தட்டுகிறது. மெஷின் சொன்ன இடத்துக்குச் சரியாகத்தான் போயிருக்கும். பெரும்பாலும் நாம் அதற்குக் கொடுத்த டூல் உயரங்களில்தான் கோளாறு இருக்கும்.

டூலைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலின் முகம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது மட்டுமே மெஷினுக்குத் தெரியும். அதில் மாட்டியிருப்பது 95 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் ட்ரில்லா, 120 மி.மீ. எண்ட் மில்லா என்பதை நாம்தான் ஆஃப்செட் பக்கத்தில் (டூல் நீளங்களைப் பதியும் திரையில்) எழுதி வைக்க வேண்டும். ப்ரோக்ராமில் ஜி43 எச்1 (எச்1 பதிவில் உள்ள டூல் நீளத்தை எடுத்துக்கொள் என்ற கட்டளை) என்று வந்ததும், கன்ட்ரோல் அந்த எண்ணைக் கணக்கில் கூட்டிக்கொண்டு நகர்கிறது.

எண்களில் பார்த்தால் எளிது. மெஷினின் இசட் ஹோமிலிருந்து (மேலும் கீழும் நகரும் அச்சின் தொடக்கப் புள்ளியிலிருந்து) ஸ்பிண்டில் முகம் 400 மி.மீ. இறங்கினால் ஜாப்பின் மேல்பரப்பைத் தொடும் என்று கொள்வோம். ஜாப்பின் பூஜ்யம் எங்கே என்று சொல்லும் ஜி54-இன் இசட் −400. டூலின் நீளம் 120 என்றால் எச்1 = 120. இசட் 0-க்குப் போ என்றால் −400 + 120, அதாவது −280-இல் ஸ்பிண்டில் நிற்கும். டூலின் நுனி ஜாப்பைத் தொட்டிருக்கும்.

இதே இடத்துக்கு வேறு இரண்டு வழிகளிலும் வரலாம். ஒவ்வொரு டூலையும் ஜாப்பின் மேல் தொட்டு, அப்போதைய மெஷின் எண்ணை அப்படியே எச்-இல் போடலாம்: எச்1 = −280, ஜி54 இசட் 0. அல்லது ஒரு டூலை மாஸ்டராக வைத்து அதற்கு 0 கொடுத்து, மற்றவற்றுக்கு வித்தியாசத்தை மட்டும் எழுதலாம். 120 மி.மீ. டூல் மாஸ்டர் என்றால் ஜி54 இசட் −280, 95 மி.மீ. டூலுக்கு −25. மூன்று கணக்கும் சரிதான். ஆனால் ஒரே மெஷினில் ஒருவர் ஒரு முறையிலும் அடுத்த ஷிஃப்டில் வருபவர் இன்னொரு முறையிலும் போட்டால் −400-உம் −280-உம் கூடி −680 ஆகிவிடும். எல்லை தாண்டியதாக ஓவர் ட்ராவல் அலாரம் வந்து நின்றால் அதிர்ஷ்டம்.

என்னைக் கேட்டால் நீளத்தை நீளமாகவே எழுதும் முதல் முறைதான் நல்லது. ஜாப் மாறினால் ஜி54-ஐ மட்டும் மாற்றினால் போதும், டூல் எண்களைத் தொட வேண்டாம். ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தே 120-க்குப் பதில் 210 என்று அடித்திருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம். −280 என்ற எண்ணைப் பார்த்து அது சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி துல்லியம். இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: எல்லா டூலுக்கும் பொதுவாக வரும் பிழை, ஒரு டூலுக்கு மட்டும் வரும் பிழை. எல்லா டூலிலும் 0.1 மி.மீ. கூடுதலாக அளந்திருந்தால், ஜி54-இல் ஒரே ஒரு திருத்தம் போதும். ஒன்றில் மட்டும் 0.03 தவறினால் ஜி54-ஐ எப்படித் திருத்தினாலும் இரண்டு தடங்களுக்கு நடுவே வரும் படி போகாது. ஆகவே டூலின் உண்மையான நீளம் என்ன என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, எல்லா டூலையும் ஒரே மாதிரி அளந்தோமா என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

காகிதம் வைத்துத் தொடும் பழைய முறையின் குறையும் இதில்தான் இருக்கிறது. சாதாரண அச்சுத் தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அது எல்லா டூலுக்கும் பொதுவாக இருந்தால் கவலையில்லை. ஆனால் எண்ட் மில் தாளைப் பிடிக்கிறது, ட்ரில்லின் கூர்முனை தாளைத் துளைக்கிறது. எண்ணெய் பட்ட தாள் நசுங்கிப்போகிறது. எந்த இழுப்பில் நிறுத்துவது என்பதும் கைக்குக் கை மாறும். முரட்டு வேலைக்கு இது போதும், ஃபினிஷிங்குக்குப் போதாது.

அதைவிட நல்லது 50 மி.மீ. உயரமுள்ள டயல் இசட் செட்டர். மேலே உள்ள பட்டனை டூல் அழுத்த, முள் பூஜ்யத்துக்கு வரும் இடம் சரியாக 50. கை உணர்வுக்கு அங்கே வேலையில்லை. பட்டன் உள்ளே இறங்குவதால் கார்பைடு முனையும் தப்பிக்கும். அது இல்லாத இடத்தில் 10 மி.மீ. கேஜ் பின் (துல்லிய விட்டமுள்ள உருளை) உதவும். டூலைப் பின்னின் உயரத்துக்கும் கீழே இறக்கி நிறுத்திவிட்டு, ஹேண்ட்வீலில் 0.01 மி.மீ. ஆக மேலே ஏற்றிக்கொண்டே பின்னை உருட்ட வேண்டும். முதல்முறை அடியில் நுழைந்து போகும் இடம்தான் கணக்கு. இறக்கிக்கொண்டே பார்த்தால் ஒரு கிளிக் அதிகமானாலும் விளிம்பு உடையும்.

கருவி எதுவானாலும், டூலைப் பிடிக்கும் ஹோல்டரின் டேப்பரை (கூம்புப் பகுதியை) துடைக்காமல் மாட்டினால் அத்தனையும் வீண். பி.டி. 40 போன்ற ஹோல்டர்களின் டேப்பர் 7/24. அதாவது 24 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 7 மி.மீ. மாறும். புனலுக்குள் புனலைச் செருகியது போன்ற அமைப்பு. இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் சீராக 10 மைக்ரான் (0.01 மி.மீ.) அழுக்குப் படலம் தங்கிவிட்டால், ஹோல்டர் 10 மைக்ரான் அல்ல, ஏறத்தாழ 70 மைக்ரான் கீழே நிற்கும். சரிவு மெல்லியது என்பதால் பக்கவாட்டில் உள்ள அழுக்கு உயரத்தில் ஏழு மடங்காகத் தெரிகிறது. ஒரு பக்கம் மட்டும் சில்லு சிக்கினால் டூல் சாய்ந்து ரன்அவுட்டும் (மையம் விலகிச் சுழல்வது) சேர்ந்துகொள்ளும். டூல் மாற்றும்போது அந்தச் சில்லு ஒருமுறை இருக்கும், மறுமுறை இருக்காது. அதனால்தான் இந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பது கடினம்.

இதே வடிவியல் வேகத்திலும் வேலை செய்கிறது. அதிக ஆர்.பி.எம்.-இல் மையவிலக்கு விசையால் ஸ்பிண்டிலின் வாய் சற்றே விரிகிறது. விட்டம் 2 மைக்ரான் கூடினால், டிராபார் (ஹோல்டரை இழுத்துப் பிடிக்கும் தண்டு) ஹோல்டரை ஏறக்குறைய 7 மைக்ரான் மேலே இழுத்துக்கொள்ளும். எச்.எஸ்.கே. என்ற வேறு வகை ஹோல்டர்களில் டேப்பரோடு ஃபிளாஞ்ச் (விளிம்பு வளையம்) முகமும் ஸ்பிண்டில் முகத்தில் உட்காருவதால், மேலே போக வழியில்லை. நின்ற நிலையில் அளக்கும் டூல் செட்டருக்கு இந்த இழுப்பு தெரியாது. சுழலும் வேகத்திலேயே அளக்கும் லேசர் செட்டருக்குத் தெரியும்.

அடுத்தது சூடு. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 11 முதல் 12 மைக்ரான் நீளும். ஹோல்டரும் டூலும் சேர்ந்து 200 மி.மீ. என்றால், 10 டிகிரி ஏறும்போது 20 மைக்ரானுக்கு மேல் போய்விடும்; ஸ்பிண்டிலின் வளர்ச்சி தனி. எல்லா டூலும் குளிர்ந்த மெஷினில் அளக்கப்பட்டிருந்தால் ஸ்பிண்டிலின் வளர்ச்சி பொதுப் பிழை. சிக்கல் வருவது நடுவில் ஒரு டூல் உடையும்போது. சூடான மெஷினில் புது டூலை அளந்து போடுகிறோம். அதன் எண் சரி, ஆனால் காலையில் அளந்த மற்ற டூல்களோடு அது ஒத்துப்போகாது. அப்போது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டூலையும் கூடவே அளந்து, அதன் எண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தைப் புது டூலிலிருந்து கழிக்க வேண்டும். மெஷினைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகே எல்லாவற்றையும் அளப்பது இன்னும் சுலபம்.

டூலின் எந்தப் புள்ளி என்பதும் கேள்விதான். பரப்பைச் சமமாக்கும் ஃபேஸ் மில்லின் நடுவில் ஒன்றும் இல்லை; அதில் பொருத்திய இன்சர்ட்டின் (வெட்டும் பல்லின்) விளிம்பைத்தான் தொட வேண்டும், அதிலும் மிகக் கீழே இறங்கி நிற்கும் இன்சர்ட்டை. ட்ரில்லில் தொடுவது முனையை, ஆனால் ட்ராயிங்கில் கேட்பது முழு விட்டத்துக்கான ஆழம்: 118 டிகிரி முனையுள்ள 10 மி.மீ. ட்ரில்லுக்குக் கூம்பு மட்டும் 3 மி.மீ. பால் நோஸில் (நுனி அரைப்பந்தாக உள்ள டூல்) நுனியைத் தொட்டுவிட்டு, கேமில் (ப்ரோக்ராம் உருவாக்கும் மென்பொருளில்) பந்தின் மையத்தைக் கணக்காக வைத்திருந்தால் ஒரு ஆரம் அளவுக்குத் தப்பும்.

முதல் பீஸ் வெட்டிய பிறகு மிச்சத்தை வேர் ஆஃப்செட்டில் (தேய்மானத்துக்கான தனிப் பதிவில்) திருத்தலாம். 10.00 வேண்டிய ஆழம் 9.97 வந்தால் −0.03. முதலில் அளந்து போட்ட ஜியோமெட்ரி எண்ணில் கை வைக்காமல் இருந்தால், அளந்தது எது, திருத்தியது எது என்று பின்னால் பார்த்தாலும் தெரியும். புது டூல் மாட்டும்போது வேரைப் பூஜ்யமாக்க மறக்கக் கூடாது.

வெட்டத் தொடங்கும் முன் எம்.டி.ஐ.-இல் (கட்டளையைக் கையால் அடித்து ஓட்டும் நிலையில்) ரேப்பிடை, அதாவது வேக நகர்வை, குறைத்து வைத்து, ஜி43-ஓடு இசட் 50-க்கு இறக்கிப் பார்க்கலாம். ஜாப்பின் மேல் வைத்த 50 மி.மீ. பிளாக்கின் மேல்பரப்பை நுனி உரசி நிற்க வேண்டும். உயரம் சரியாக வந்தும் ப்ரோக்ராமில் டி5-க்கு (ஐந்தாம் டூலுக்கு) எச்6 என்று எழுதியிருந்தால், இந்தச் சோதனையில் அது சிக்காது. அதற்கு ப்ரோக்ராமைத் திறந்து, ஒவ்வொரு டூல் மாற்றத்துக்குக் கீழேயும் டி எண்ணும் எச் எண்ணும் ஒன்றா என்று கண்ணால் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழியில்லை.