தக்காளி இலை மஞ்சளானால் உரத்தைத் தேடாதீர்கள்

"மூணு தரம் உரம் போட்டாச்சு தம்பி, மஞ்சள் மாறவே இல்லை" என்று சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். எட்டாவது மாடி, வாசலை ஒட்டி நான்கு தக்காளித் தொட்டிகள். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் எல்லாமே இலையின் மேற்புறம். எனக்கு வேண்டியதோ அடிப்புறம்.

நேரில் போனேன். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையை இரண்டு தட்டுத் தட்டினேன். மிளகுத்தூள் சிந்தியதுபோல் புள்ளிகள் விழுந்தன. சற்று நேரத்தில் அவை நகர ஆரம்பித்தன. சிலந்திப்பேன். அரை மில்லிமீட்டர்கூடத் தாண்டாத பூச்சி. மழை படாத, சூடேறிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதை அதற்கு மிகவும் பிடித்த இடம். நம் வெயிலில் ஒரு வாரத்துக்குள் முட்டை பெரிய பூச்சியாகிவிடும். போதாக்குறைக்கு, நைட்ரஜன் உரம் கூடக்கூட இலை இளசாகும், பேனும் பெருகும். அக்கா அன்போடு போட்ட உரம் பேனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். இலையின் அடிப்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசலை வெயில் தாழ்ந்த பிறகு அடிப்புறம் நனைய அடியுங்கள்.

பூச்சி இல்லையா? சரி, மஞ்சள் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். நைட்ரஜனையும் மெக்னீசியத்தையும் செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. அதனால் கீழிலை முழுக்க வெளுத்தால் நைட்ரஜன் குறைவு. நரம்பு பச்சையாகவே இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால், கீழிலையில் மெக்னீசியம், கொழுந்தில் இரும்பு. மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தாலும் கொழுந்து வெளுக்கும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். வேருக்கும் கேடு, டெங்கிக் கொசுவுக்கும் வாசல். அடியில் ஓரிரண்டு முதிர்ந்த இலைகள் காய்வது இயல்பு.

கீழிலையில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் பூஞ்சை. அந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, இலை நனையாமல் மண்ணில் மட்டும் நீர் ஊற்றுங்கள்.

நடுப்பகலில் பச்சை இலை சுருண்டால் பெரும்பாலும் வெயில்தான், பயப்படாதீர்கள். ஆனால் கொழுந்து சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிக் குவிந்து, தொட்டதும் வெள்ளை ஈ பறந்தால் அது வைரஸ். குணமாக்க வழியே இல்லை. பிடுங்கிப் பைக்குள் கட்டிப் போடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் பக்கத்துத் தொட்டி பிழைக்கும்.

நம் ஊரில் என்னை அதிகம் கலங்க வைப்பது பாக்டீரியா வாடல். மஞ்சளே ஆகாமல், பச்சையாக இருக்கும்போதே செடி தொய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றினாலும் எழாது. அப்போது அடித்தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுனை மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல ஓர் இழை கீழே இறங்கினால் அதுவேதான். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் நடாதீர்கள், சமூகத் தோட்டப் பாத்தியிலும் கொட்டாதீர்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் கத்தரிக்கோல்: கிருமிநாசினி ஆல்கஹாலால் துடைக்காமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள்.