எலும்புக்கூட்டைப் பேசவைத்த மோட்டார்

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் கிரெய்க் ஃபெர்குசன் நடத்திவந்த நள்ளிரவு உரையாடல் நிகழ்ச்சியில், துணைத் தொகுப்பாளர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எலும்புக்கூடு அறிமுகமானது. ஜெஃப் பீட்டர்சன் என்று பெயரிடப்பட்ட அந்த ரோபோ, தலையையும் தாடையையும் அசைத்துப் பேசியது. அதைச் செய்தவர், மக்கள் நம்பும் கதைகளையும் வதந்திகளையும் சோதித்துப் பார்க்கும் டிஸ்கவரி சேனலின் ‘மித்பஸ்டர்ஸ்’ நிகழ்ச்சியால் உலகம் அறிந்த கிராண்ட் இமஹாரா. ட்விட்டரில் ஒரு லட்சம் பேர் தன்னைப் பின்தொடரும்படி செய்தால் ரோபோவைச் செய்து தருவதாக ஃபெர்குசனிடம் சொல்லியிருந்தார். கேட்ட கூலி கிடைத்தது, சொன்னபடி எலும்புக்கூடும் வந்து சேர்ந்தது.

மோட்டாரை இணைத்து மின்சாரம் கொடுத்தால் தாடை அசையத்தான் செய்யும். ஆனால் சாதாரண மோட்டாருக்குச் சுற்றத் தெரியுமே தவிர, எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது. முப்பது டிகிரி திறந்து, நின்று, மூடி, அடுத்த சொல்லுக்குப் பதினைந்து டிகிரி மட்டும் திறக்க வேண்டுமென்றால், அந்த மோட்டாருக்குத் தான் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற உணர்வு வேண்டும். அந்த உணர்வு சேர்க்கப்பட்ட மோட்டாருக்குத்தான் சர்வோ என்று பெயர்.

பல் உடைந்துபோன சிறிய சர்வோ ஒன்று, இதை எழுதும்போது என் மேசையின் மீது திறந்து கிடக்கிறது. ஒன்பது கிராம் எடையுள்ள நீல நிறப் பெட்டி அது. உள்ளே விரல்நுனி அளவுக்கு ஒரு மோட்டார். அதன் வேகத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக முறுக்குவிசையைக் கூட்டும் வெள்ளை நைலான் பற்சக்கரங்கள். கடைசிச் சக்கரத்தின் அச்சோடு சேர்ந்து சுழலும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். பழைய வானொலியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகும் குமிழுக்குப் பின்னால் இருப்பதும் இதுதான். அச்சு திரும்பத் திரும்ப இதிலிருந்து வரும் மின்னழுத்தம் மாறும். ஆகவே அந்த மின்னழுத்தத்தைப் பார்த்தாலே அச்சு எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று உள்ளே இருக்கும் சில்லு தெரிந்துகொள்ளும்.

பெட்டியிலிருந்து வெளியே வரும் மூன்று கம்பிகளில் இரண்டு மின்சாரத்துக்கானவை. மூன்றாவதன் வழியே கட்டளை வருகிறது. வினாடிக்கு ஐம்பது முறை, அதாவது 20 மில்லிவினாடிக்கு ஒரு முறை, ஒரு மின்துடிப்பு அனுப்பப்படும். துடிப்பு 1.5 மில்லிவினாடி நீடித்தால் நடுவில் நில் என்று பொருள். 1 மில்லிவினாடி என்றால் ஒரு கோடி, 2 மில்லிவினாடி என்றால் மறு கோடி. சில்லு தன்னுடைய பொட்டென்ஷியோமீட்டரின் நிலைக்கேற்ற ஒரு துடிப்பைத் தானே உண்டாக்கி, வந்த துடிப்போடு ஒப்பிடுகிறது. வந்தது நீளமாக இருந்தால் மோட்டாரை ஒரு பக்கம் ஓட்டும், குட்டையாக இருந்தால் மறுபக்கம் ஓட்டும், இரண்டும் சமமானால் நிறுத்திவிடும். பொறியியலில் பின்னூட்டம் என்று சொல்வது இதைத்தான். மிகச் சிறு வித்தியாசங்களையும் விடாமல் திருத்தப் போனால் சர்வோ ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், ஓரளவுக்குக் குறைவான பிழையைக் கண்டும் காணாமல் விடும்படியே அதை வடிவமைக்கிறார்கள்.

இமஹாராவின் வாழ்க்கையைப் படித்தபோது, இந்தச் சிறு பெட்டியின் வேலையைத்தான் அவர் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு அளவுகளில் செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. 1970இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த அவர், தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தார். நடுவில் படிப்பின் மீது ஐயம் வந்து திரைக்கதை எழுதப் போய்விடலாமா என்று யோசித்த நாட்களும் உண்டு. திரையரங்க ஒலித் தரத்துக்கான டி.எச்.எக்ஸ். முறையை உருவாக்கிய டாம்லின்சன் ஹோல்மன் அங்கே ஆசிரியராக இருந்தார். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்த பிறகு, சினிமாவையும் மின்சுற்றையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ள முடியும் என்று இமஹாராவுக்குப் புரிந்திருக்க வேண்டும். 1993இல் பட்டம் பெற்று லூகாஸ்ஃபிலிமின் டி.எச்.எக்ஸ். பிரிவில் சேர்ந்து, பின்னர் அதே குழுமத்தில் படங்களுக்கான சிறப்புக் காட்சிகளை உருவாக்கும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்டு மேஜிக் நிறுவனத்தின் மாதிரிப் பட்டறைக்கு மாறினார்.

அங்கே அவர் கைக்கு வந்தவற்றுள் பெயர் பெற்றது ஆர்டூ-டிடூ. ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1999இலிருந்து 2005 வரை வெளிவந்த மூன்று படங்களுக்காக அந்த ரோபோவின் மின்னணு அமைப்பைப் புதுப்பித்த குழுவில் அவர் இருந்தார். அதை இயக்கவும் பயிற்சி பெற்றிருந்தார். 1976இல் துனிசியப் பாலைவனத்தில் முதல் படம் எடுத்தபோது, வானொலி அலையால் இயங்க வேண்டிய ஆர்டூ அடிக்கடி சொன்ன பேச்சைக் கேட்காமல் படக்குழுவைப் படாத பாடு படுத்தியது ஊரறிந்த கதை. கட்டளைத் துடிப்போடு வேறோர் அலை கலந்துவிட்டால், சர்வோ அதையும் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். தன் அச்சு தவறான இடத்தில் இருந்தால் திருத்தத் தெரிந்த அதற்கு, வந்த கட்டளையே தவறு என்று கண்டுபிடிக்கத் தெரியாது.

எனக்கு ஆர்டூவைவிடச் சுவையாகப் படுவது எனர்ஜைசர் முயல்தான். பேட்டரி விளம்பரத்தில் ஓயாமல் முரசடித்துப் போகும் அந்த இளஞ்சிவப்பு முயலின் கைகளும் காதுகளும் மாறாத வேகத்தில் அசையும்படி இமஹாரா ஒரு தனி மின்சுற்றை வடிவமைத்தார். பேட்டரி தீரத்தீர மின்னழுத்தம் இறங்கும், மோட்டாரும் மெதுவாகும். அப்படி விட்டிருந்தால், காலையில் எடுத்த காட்சியில் விரைவாகவும் மாலையில் எடுத்த காட்சியில் சோர்ந்தும் முயல் முரசடித்திருக்கும். படத்தொகுப்பாளர் இரண்டையும் ஒட்டவே முடியாது. களைப்பே அறியாத முயலுக்குப் பேட்டரியை மட்டும் நம்பினால் போதாது என்பதைப் பேட்டரி விளம்பரத்தில் யார் சொல்வார்கள்!

ரோபோக்கள் ஒன்றையொன்று தாக்கி உடைக்கும் ‘பேட்டில்பாட்ஸ்’ போட்டியில் டெட்ப்ளோ என்ற சுத்தியல் ரோபோவோடு களமிறங்கியது அவரை முதலில் திரையில் காட்டியது. 2005இல் ‘மித்பஸ்டர்ஸ்’ குழுவில் கேரி பைரன், டோரி பெலெச்சி ஆகியோருடன் சேர்ந்தார். பெலெச்சியும் சிறப்புக் காட்சிப் பட்டறையிலிருந்து வந்தவர்தான். நிகழ்ச்சியின் முதன்மைத் தொகுப்பாளர்களான ஜேமி ஹைனிமன், ஆடம் சாவேஜ் இருவரும் அதே தொழிலில் ஊறியவர்களே. இது தற்செயலாகத் தோன்றலாம், ஆனால் பட்டறைக்காரருக்கும் சோதனை செய்பவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஒரே நிகழ்வை இம்மி பிசகாமல் பலமுறை நடத்திக் காட்டுவது. ஒரு வாளால் இன்னொரு வாளை வெட்ட முடியுமா என்று பார்க்க வேண்டுமானால், மனிதன் வீசும் ஒவ்வொரு வீச்சும் வேகத்திலும் கோணத்திலும் மாறும் என்பதால், உடைந்தது வாளின் குறையாலா வீச்சின் வலுவாலா என்று சொல்ல முடியாது. இமஹாரா வாள் வீசும் ரோபோ ஒன்றைச் செய்தார். வீச்சு மாறாதபோது, மாறிய விளைவுக்கு வாள் மட்டுமே பொறுப்பு.

எலும்புக்கூட்டின் தாடைக்குத் திரும்புவோம். இங்கே இடத்தைவிட நேரம்தான் பெரிய சிக்கல். மனிதர் சாதாரணமாகப் பேசும்போது வினாடிக்கு நான்கு அல்லது ஐந்து அசைகள் உச்சரிக்கிறோம். பொம்மைகளில் பயன்படும் சாதாரண சர்வோ அறுபது டிகிரி திரும்ப ஏறக்குறைய 0.2 வினாடி எடுக்கும். முப்பது டிகிரிக்கு 0.1 வினாடி. திறக்க ஒன்று, மூட ஒன்று என்று கூட்டினால் ஓர் அசைக்கு 0.2 வினாடி ஆகிறது, அதாவது வினாடிக்குச் சரியாக ஐந்து அசைகள். தாடையின் எடையைக் கிளப்பவும் நிறுத்தவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் கணக்கு உதைக்கும். பொம்மை செய்பவர்கள் இதற்கு இரண்டு வழிகளை நாடுகிறார்கள். சர்வோவின் கையை நீளமாகவும் தாடையின் நெம்புகோலைக் குட்டையாகவும் வைத்தால், சர்வோ பத்து டிகிரி திரும்பும்போதே தாடை இருபது டிகிரி திறக்கும். விசை பாதியாகும், ஆனால் பிளாஸ்டிக் மண்டையோட்டுத் தாடைக்கு விசை பெரிதாகத் தேவையில்லை. மற்றொன்று பொம்மலாட்டக்காரரின் பழைய தந்திரம்: எல்லா அசைக்கும் வாயைத் திறக்காமல் அழுத்தமான உயிரொலிகளுக்கு மட்டும் திறந்தால், மிச்சத்தைப் பார்ப்பவரின் மனமே நிரப்பிக்கொள்ளும்.

தொடக்கத்தில் ஜெஃப் முன்பே பதிவு செய்த வரிகளை மட்டுமே சொன்னது. பிறகு ஜோஷ் ராபர்ட் தாம்ப்சன் என்ற நடிகர் நேரடியாகக் குரல் கொடுக்க ஆரம்பித்ததும், அது தொகுப்பாளரையே மடக்கிப் பேசும் பாத்திரமாக வளர்ந்தது.

2014இல் இமஹாரா ‘மித்பஸ்டர்ஸ்’ நிகழ்ச்சியிலிருந்து விலகினார். 2020 ஜூலை 13 அன்று, மூளை இரத்தக்குழாய் வீக்கம் வெடித்ததால், 49 வயதில் இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், ‘தி மாண்டலோரியன்’ தொடரில் வரும் குழந்தை யோடாவின் அசையும் பொம்மை ஒன்றை மூன்று மாதம் உழைத்து, முப்பரிமாண அச்சில் உறுப்புகளை எடுத்து, நிரல் எழுதி முடித்திருந்தார். அதைச் சிறுவர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். நோயுற்ற குழந்தை பொம்மையின் காதைப் பிடித்து வளைத்துப் பார்க்கத்தான் செய்யும். அப்போது உள்ளே இருக்கும் சர்வோ, தன் இடம் பிசகிவிட்டதை உணர்ந்து, காதை மெல்ல எதிர்ப்பக்கம் தள்ளும்.