இரண்டு நொடிப் பார்வை

கைக்குழந்தை அழுகிறது, தூக்குகிறோம், அடங்குகிறது. சிரித்தால் திருப்பிச் சிரிக்கிறது. 'என் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்' என்கிற தைரியம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஓயாமல் வரும் இந்தச் சின்னப் பதில்களில் ஊறுகிறது.

ஆட்டிசம் உள்ள பிள்ளையும் பதில் தருகிறது. ஆனால் பலசமயம் அது வேறு மாதிரி இருக்கும், தாமதமாகவும் வரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகம் திரும்பாது. விளையாடும் கை மட்டும் ஒரு கணம் நிற்கும். அணைத்தால் உடம்பு விறைக்கும். தொடுதலை அந்த உடம்பு நம்மைவிடப் பலமடங்கு கூர்மையாக உணர்வதால்கூட அப்படி இருக்கலாம். பெற்றவர்களுக்கு இதெல்லாம் பதிலாகவே படுவதில்லை. 'எனக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை' என்ற எண்ணம் அங்கேதான் வேர்விடுகிறது.

அந்த எண்ணத்துக்கு ஒரு காலத்தில் மருத்துவ உலகமே உரம் போட்டது. தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பல நிபுணர்கள் நம்பினார்கள். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்களோ! தன் மகனுக்கே ஆட்டிசம் இருந்த உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், 1964-ல் இதை மறுத்து, உயிரியல் காரணங்களைத் தேடச் சொன்னார். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, மரபணுக்களின் பங்கு பெரியது என்று காட்டினார்கள்.

அதே 1977-ல்தான், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா விளக்கினார். நாமே செய்து பலன் காண்பது, நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் சொல்லும் ஊக்கம், நம் உடம்பும் மனமும் இருக்கும் நிலை என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார். இவற்றில் மிக வலுவானது முதலாவது. 'நீங்கள் நன்றாகத்தான் வளர்க்கிறீர்கள்' என்று தட்டிக்கொடுப்பது மட்டும் ஏன் நிலைப்பதில்லை என்பது இதில் புரிகிறது. கண்ணால் கண்ட பலன் இல்லாத பாராட்டு, அடுத்த அழுகையிலேயே கரைந்துவிடும்.

சரி, பதிலே கண்ணுக்குத் தெரியாதபோது பலனை எப்படிக் காண்பது? இங்கேதான் வீடியோ கைகொடுக்கிறது. பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து, பயிற்சியாளரோடு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள்.

இப்படி வைத்துக்கொள்வோம். பையன் பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்குகிறான். 'இது என்ன கலர்? அது என்ன கார்?' என்று அம்மா கேட்கக் கேட்க, அவன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறான். கொஞ்சம் ஓய்ந்து, அம்மா பேசாமல் ஒரு காரை எடுத்து அவன் வரிசையின் கடைசியில் வைக்கிறார். அவன் காரைப் பார்க்கிறான், அப்புறம் அம்மாவைப் பார்க்கிறான். இரண்டு நொடிதான். விளையாடும்போது அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. திரையில் நிறுத்திக் காட்டும்போது பிடிபடுகிறது: 'நான் இப்படிச் செய்தேன், அவன் பார்த்தான்.' இந்த ஒரு கண்டுபிடிப்பு அவருடையது, பயிற்சியாளருடையது அல்ல. அதனால்தான் அது நிற்கிறது.

இந்த முறையை இங்கிலாந்தில் 152 சிறு குழந்தைகளோடு சோதித்தார்கள். முடிவுகள் 2010-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன. பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பதில் தருவது தெளிவாகக் கூடியது, பிள்ளைகள் தாமாகவே தொடர்பைத் தொடங்குவதும் அதிகரித்தது. ஆட்டிசம் மறையவில்லை, மறைய வைப்பது இதன் வேலையும் இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே புரியாமை இரு பக்கமும் உண்டு என்று 2012-ல் எழுதிய டேமியன் மில்டன், தானே ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர். அவர் சொல்வதை வைத்துப் பார்த்தால், இங்கே மொழி கற்பது பெற்றோரும்தான்.

பண்டூரா சொன்ன நான்காவது ஊற்றை, அதாவது உடம்பும் மனமும் இருக்கும் நிலையை, பலரும் மறந்துவிடுகிறோம். இந்தப் பிள்ளைகள் பலருக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. அதனால் பெற்றோருக்கும் வராது. களைத்த உடம்பின் படபடப்பை மனம் 'என்னால் ஆகாது' என்று படித்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஒருவருக்கு இன்னொரு அறிவுரையைவிட, யாராவது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, இரண்டு மணி நேரம் தூங்கக் கிடைப்பது பெரிய உதவி. இரண்டு வருடம் முன்னால் இதே பாதையில் நடந்த இன்னொரு அப்பாவோ அம்மாவோ, 'எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது, நாங்கள் இதைச் செய்து பார்த்தோம்' என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதும் அப்படித்தான்.