டேட்டாவை எடுத்துவிட்டுக் கேள்வியைத் தேடாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். முதுநிலை இறுதியாண்டு டாக்டர். தீசிஸ் ஒப்படைக்கும் தேதி நெருங்கிவிட்டது. பென்டிரைவில் ஓர் எக்செல் ஷீட். வயதுக் கட்டங்களில் ஒரு வரியில் 45 என்று இருக்கிறது, அடுத்த வரியில் "45 வயது", அதற்கும் கீழே "நடுத்தர வயது". "மேடம், டேட்டா எல்லாம் ரெடி. பி வேல்யூ மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்."

எந்தக் கேள்விக்கு விடை தேடினீர்கள் என்று கேட்டேன். தலைப்பைச் சொன்னார். தலைப்பு இருக்கட்டும், கேள்வி என்ன என்றேன். கைடிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இவர் ஒருவர் என்றால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் எம்.டி. மாணவர், எம்.எஸ்சி. நர்சிங் சிஸ்டர், ஃபார்ம் டி., பிசியோதெரபி என்று வருடம் முழுக்க வருகிறார்கள். நான் சமூக மருத்துவம் சொல்லிக் கொடுப்பவள். ஆய்வுக்குக் கணக்குப் போடுவது என் வேலையில் ஒரு பகுதி. வருகிறவர்களில் பெரும்பாலானோர் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள். சோதனை முடிந்ததும் புள்ளியியல்காரரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்ற பொருளில் புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் பேசியது 1938-ல். பேசிய இடம் கல்கத்தா, முதல் இந்தியப் புள்ளியியல் மாநாடு. அதாவது நம் நாட்டிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த பி வேல்யூவைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும், ஏனென்றால் பாதித் தலைவலி அங்கிருந்துதான். 0.05-க்குக் கீழே வந்தால் பாஸ், மேலே போனால் ஃபெயில் என்று நினைக்கிறார்கள். மேலே போய்விட்டால் முகம் வாடிவிடுகிறது. "வேற டெஸ்ட் ஏதாச்சும் போட்டுப் பாக்கலாமா மேடம்?" அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான். உண்மையில் இரண்டு குழுக்களுக்கும் நடுவே எந்த வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், உங்களுக்குக் கிடைத்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? அவ்வளவுதான். சிகிச்சை வேலை செய்ததா, எவ்வளவு செய்தது, நோயாளிக்கு அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்பதெல்லாம் அதற்குள் இல்லை. ரத்த அழுத்தம் சராசரியாக 1 புள்ளி குறைந்தால்கூட, ஆட்கள் போதுமான அளவு இருந்தால் 0.001 வரும். அந்த 1 புள்ளியை வைத்துக்கொண்டு நோயாளி என்ன செய்வார்?

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் 20 தடவை தேடினால், சராசரியாக ஒரு தடவை 0.05-க்குக் கீழே ஏதோ ஒன்று தட்டுப்படத்தான் செய்யும். எக்செல்லில் 40 விவரங்களை நிரப்பி, ஒவ்வொன்றையும் மற்றதோடு மோதவிட்டால் 780 ஜோடி, முப்பது நாற்பது "சிக்னிஃபிகன்ட்" கிடைக்காமல் என்ன செய்யும்? கிடைத்ததில் அழகானதை எடுத்து, அதைத்தான் முதலிலிருந்தே தேடியது போல நோக்கம் என்ற தலைப்பில் எழுதிவிடுகிறார்கள். கேள்வியை முதலில் எழுதுங்கள் என்று தொண்டை வறளக் கத்துவது இதனால்தான்.

அடுத்தது, 30 என்ற எண். யார் கிளப்பிவிட்டார்களோ, "குரூப்புக்கு 30 பேர் எடுத்தா போதும்" என்பது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. நம்மூர்ப் பல்லை வைத்தே கணக்குப் பார்ப்போம். ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பற்களில் கறை படிந்த பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டும். சுமார் 30 சதவீதம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். எத்தனை பேர் வேண்டும் என்று சொல்ல எம்.பி.பி.எஸ்.ஸில் படித்த அதே நாலு பி கியூ பை எல் ஸ்கொயர் சூத்திரம்தான்: பி என்பது எதிர்பார்க்கும் சதவீதம், கியூ என்பது நூறில் மீதி, எல் என்பது பொறுத்துக்கொள்ளும் பிழை. கூடக் குறைய 5 சதவீதப் பிழைக்குள் விடை வேண்டும் என்றால் 336 பிள்ளைகள் வேண்டும். ஒரே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே போர் தண்ணீரைக் குடிப்பவர்கள், ஆகவே பள்ளி பள்ளியாக எடுத்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும். இதே கேள்விக்கு 30 பேரோடு நிறுத்தினால் பிழை ஏறக்குறைய 17 சதவீதம். விடை 13-லிருந்து 47 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதைச் சொல்ல ஆய்வு எதற்கு, டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். சிலர் இன்னும் சாமர்த்தியசாலிகள். கையில் 60 பேர் இருக்கிறார்கள், 60 வரும்படி சூத்திரத்தைப் பின்னாலிருந்து போட்டுத் தாருங்கள் என்கிறார்கள். தாலி கட்டிய பிறகு ஜாதகப் பொருத்தம் பார்க்கிற கதைதான்.

நர்சிங் பக்கம் வந்தால் "கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் விளைவு". தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கிராமம், 60 தாய்மார்கள், காலையில் ஒரு கேள்வித்தாள், நடுவில் ஃப்ளிப் சார்ட் வகுப்பு, மத்தியானம் அதே கேள்வித்தாள். மதிப்பெண் கூடியது, பி வேல்யூ 0.001. கூடாமல் எங்கே போகும்? அந்தத் தாய் வீட்டுக்குப் போய் ஓ.ஆர்.எஸ். கரைத்தாளா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. சிஸ்டர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்களுக்கு முந்தைய பேட்ச் தீசிஸ் அப்படியே கைக்கு வருகிறது, ஊர்ப் பெயரை மாற்றினால் போதும் என்று சொல்லிக் கொடுக்கப்படுகிறது. தருமபுரி மாவட்டம் பற்றிய ஓர் ஆய்வில் "கடலோர மீனவக் குடும்பங்கள்" என்று படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒப்பிட ஒரு குழு இல்லாத ஆய்வின் ஆபத்து ரத்த அழுத்தத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதன் பட்டியலிலிருந்து பிரஷர் 160-க்கு மேல் இருந்தவர்களை மட்டும் பொறுக்கி, மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து அளந்தால் குறைந்திருக்கும். பயிற்சியே சொல்லிக் கொடுக்காவிட்டாலும் குறைந்திருக்கும்! அளந்த அன்று மாத்திரை தவறியிருக்கும், வேகாத வெயிலில் நடந்து வந்திருப்பார், மருமகளோடு சண்டை போட்டிருப்பார். உச்சத்தில் இருக்கும்போது பிடித்தவர்களை மறுபடி அளந்தால் சராசரி கீழேதான் இறங்கும். பயிற்சி பெறாத இன்னொரு குழுவையும் அதே மாதிரி பொறுக்கி, அதே மாதிரி அளந்தால்தான் மூச்சுப்பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று தெரியும்.

"இதுக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மெஷின் வேணும் மேடம், நம்ம ஊர்ல என்ன பண்றது" என்று ஒரு சமாதானம் எப்போதும் தயாராக இருக்கும். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் மொத்தம் 193 நோயாளிகள். கேள்வி ஒரே வரி: சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டுத் தரும் மருந்தை, குடிசையில் இருப்பவர் வீட்டிலேயே சாப்பிட்டால் குணம் குறையுமா? குலுக்கல் முறையில் பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் சானடோரியத்தில். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் வசதியும் மோசம்தான். ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வெளியே வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தக் காலத்து உதாரணம் வேண்டுமா? 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். புதிதாகக் கண்டறியப்பட்டவரின் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. இவ்வளவையும் ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியரே பார்த்து, யாரை உடனே அட்மிட் செய்ய வேண்டும் என்று பிரித்துவிடலாம். இதில் விலை உயர்ந்த சாதனம் எது?

நம்மிடமும் கேள்விக்குப் பஞ்சம் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. பற்களின் எனாமல் உருவாவது சின்ன வயதில். திட்டம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் அவர்கள் பற்களில் கறை குறைந்திருக்கிறதா? குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், சமைக்கப் போர் தண்ணீர் என்று இருக்கும் வீடுகளில் எப்படி? ஒரு பல் மருத்துவரும் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரும் சேர்ந்தால் செய்யக்கூடிய ஆய்வு இது.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு சிக்கல்களைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று, ஃபாலோ அப். நம் நோயாளிகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள், திருப்பூர் போகிறார்கள். மூன்றாவது மாதம் திரும்பி வராதவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, வந்தவர்களை மட்டும் வைத்து "90 சதவீதம் பேருக்குக் கால் புண் ஆறியது" என்று எழுதினால் அது பொய். வராதவருக்கு வேறு எங்கேயோ காலையே வெட்டி எடுத்திருக்கலாம். போன் நம்பர் இரண்டு வாங்குங்கள், ஒன்று ஊரில் இருக்கும் உறவினருடையது. அஞ்செட்டியிலிருந்து வருபவருக்குப் பஸ் செலவை பட்ஜெட்டிலேயே எழுதுங்கள்.

இரண்டாவது, மொழி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் எவ்வளவு என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழில் மட்டும் ஒப்புதல் படிவம் அடித்து, "இங்க ஒரு கையெழுத்து போடும்மா" என்றால் அது ஒப்புதல் ஆகாது. ஆபரேஷனுக்குத்தான் கையெழுத்து கேட்கிறார்கள் என்று அந்த அம்மா போட்டுவிட்டுப் போகிறார். கன்னடத்திலும் தெலுங்கிலும் படிவம் தயார் செய்யுங்கள், அதை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்து சரிபாருங்கள். கேள்வித்தாளுக்கும் இதே விதிதான்.

அப்புறம், அனுமதி. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேதிக்கு முந்தைய ஒரு நோயாளிகூட உங்கள் ஷீட்டில் இருக்கக் கூடாது. சிகிச்சையை ஒப்பிடும் ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் முன்பதிவு மட்டும்தான், நடந்து முடிந்ததைப் பதிய முடியாது. "எங்க சீனியர் அப்புறமா தான் பண்ணார்" என்று என்னிடம் வாதாடி ஒன்றும் ஆகப் போவதில்லை.

சரி, எங்கே படிப்பது? முதலில் எங்கே போக வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஓசூரைத் தாண்டினால் "கிளினிக்கல் ரிசர்ச் டிப்ளமோ, நூறு சதவீதம் வேலை" என்று விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றில் சில மருந்துக் கம்பெனி ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளர் வேலைக்குத் தயார் செய்பவை. அந்த வேலைதான் வேண்டும் என்றால் விசாரித்துவிட்டுச் சேருங்கள். உங்கள் வார்டில் எழும் கேள்விக்கு நீங்களே ஆய்வு வடிவமைக்க அங்கே கற்றுக்கொள்ளலாம் என்று நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் உயிர்மருத்துவ ஆய்வு அடிப்படைப் படிப்பு இணையத்திலேயே இருக்கிறது. மருத்துவ முதுநிலை மாணவர்களுக்கு அது கட்டாயம். கட்டாயம் என்பதால் வீடியோவை ஒரு பக்கம் ஓடவிட்டு மறுபக்கம் கேஸ் ஷீட் எழுதுகிறார்கள், அது வேறு சோகம். முதல் வருடம், புரோட்டோகால், அதாவது ஆய்வுத் திட்டம், எழுதுவதற்கு முன்னால் உட்கார்ந்து கேளுங்கள். அதே நிறுவனம் நலவாழ்வு ஆய்வு அடிப்படைகள் என்ற பாடத்தையும் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத்தளத்தில் தந்திருக்கிறது. சிஸ்டர்கள், மருந்தாளர்கள், பிசியோக்கள் அங்கிருந்து தொடங்கலாம். முழுநேரமாகவே இதில் இறங்க நினைப்பவர்களுக்கு அந்த நிறுவனத்தின் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு) இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் தொற்றுநோயியலும் உயிர்ப்புள்ளியியலும் எம்.எஸ்சி.யாக இருக்கின்றன.

கடைசியாக, துறைத் தலைவர்களிடமும் நர்சிங் சூப்பிரண்டுகளிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு சிஸ்டர் இந்த இணையப் படிப்பின் தேர்வை எழுதப் போகிறேன் என்று வந்தால், அன்றைக்கு நைட் டியூட்டி போட்டுவிடாதீர்கள். கைடாகக் கையெழுத்துப் போடும் முன் கேள்வியை அவர்கள் வாயாலேயே ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சொல்ல வரவில்லை என்றால் ஒரு மாதம் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள், டேட்டா எடுக்க அனுப்பாதீர்கள்.