காலியான டிவி அலைவரிசையில் யாருக்கு யார் வழிவிடுவது?

ராமேஸ்வரம் தீவுக்குள் நுழைந்தால் கண்ணில் படாமல் போகாது தூர்தர்ஷன் கோபுரம். உயரம் 323 மீட்டர். கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்த காலம் போய், இப்போது வீட்டுக்கு வீடு டிஷ்ஷும் கேபிளும்தான். அதனால் தரைவழி ஒளிபரப்புக்கென்று ஒதுக்கிய அலைக்கற்றையில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை, 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 15 அலைவரிசைகள். ஐஐடி பாம்பே ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, நாட்டின் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் இவற்றில் குறைந்தது 12 காலியாக இருந்தன. இந்தக் காலி இடத்துக்குப் பெயர் டிவி ஒயிட் ஸ்பேஸ்.

இதற்கு ஏன் இவ்வளவு மவுசு? நம் வீட்டு வைஃபை 2,400 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. இந்த அலைவரிசைகளை ஏறத்தாழ 600 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அது அதில் கால்பங்கு. ஒரே மாதிரி ஆன்டெனா வைத்தால், அதே தூரத்தில் 16 மடங்கு கூடுதல் ஆற்றல் வந்து சேரும். சீமைக்கருவேலங்காட்டையும் பனந்தோப்பையும் இந்த அலை அவ்வளவு சீக்கிரம் தளராமல் கடந்துவிடும். சாயல்குடி பக்கம் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு இணையம் கொண்டுபோக இது நல்ல வழி. இந்தியாவில் இது இன்னும் சோதனை அளவைத் தாண்டவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

சரி, காலி இடம் இருக்கிறது. யார் வருவார்கள்? ஒரே ஆள் இல்லை. பல கிலோமீட்டர் பரப்புக்கு இணையம் தர 2011-ல் வந்த 802.22 என்ற தரநிலை ஒன்று. வைஃபையின் உறவான 802.11ஏஎஃப் இன்னொன்று. சின்னச் சின்ன உணர்கருவிகளுக்கு வேறொன்று. டிவி ஒளிபரப்புக்கு இடையூறு செய்யக் கூடாது என்பது எல்லாருக்கும் விதி. ஆனால் இவர்களுக்குள் யாருக்கு யார் வழிவிடுவது? உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மண்டபத்தில் ஒரு கம்பத்தின் மேல் 802.22 நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது நேரத்தை 10 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டி, யார் எப்போது பேச வேண்டும் என்று தானே அட்டவணை போடுகிறது. பக்கத்துக் கடையில் இருக்கும் வைஃபை வகைப் பெட்டியின் பழக்கம் வேறு. முதலில் காதுகொடுத்துக் கேட்கும், யாரும் பேசவில்லை என்றால்தான் பேசும். நிலையம் ஓயாமல் பேசினால் பெட்டி காத்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். தலைகீழாகவும் நடக்கும். 2008-ல் அமெரிக்கா வகுத்த விதிப்படி நிலையம் 4 வாட் வரை அனுப்பலாம். கையடக்கக் கருவிக்கு 0.1 வாட்தான். நிலையத்தின் குரல் தூரத்துக்குக் கேட்கும், சின்னக் கருவியின் குரல் நிலையத்துக்குக் கேட்காது. ஆனால் அந்தச் சின்னக் கருவிக்குப் பக்கத்து வீட்டில் நிலையத்தின் வாடிக்கையாளர் இருந்தால், அவருடைய இணைப்பு திணறும். ஏன் திணறுகிறது என்று நிலையத்துக்குத் தெரியாது. ஒருவர் அனுப்புவது மற்றவருக்கு வெறும் இரைச்சல்.

இந்தக் கரைக்காரர்களுக்கு இது பழகிய வழக்கு. பாக் நீரிணையில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே கடலில் தொழில் செய்கின்றன. வலு சமமில்லை, வலை சேதமாவது நாட்டுப்படகுக்காரர்களுக்கே. அதனால்தான் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்தார்கள். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுவை போடக் கூடாது என்ற விதியும் உண்டு. நாளைப் பிரிப்பது, இடத்தைப் பிரிப்பது, இரண்டும் வேண்டியிருந்தது.

802.19.1 என்ற தரநிலை செய்வதும் இதைத்தான். ஒவ்வொரு வலையமைப்பும் தான் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆற்றலில் அனுப்புகிறது, எந்தெந்த அலைவரிசையில் ஓட முடியும் என்று ஒரு பொது இடத்தில் சொல்லிவைக்கும். யாரால் யாருக்குத் தொல்லை என்று அங்கே கணக்காகும். அலைவரிசை போதுமானால் ஆளுக்கொன்று. போதாவிட்டால் ஒரே அலைவரிசையில் நேரப் பங்கீடு. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாவிட்டாலும் நடுவில் நின்று இந்தக் கணக்கைப் போடும் மேலாளர் என்ற அமைப்புக்கு இருவர் மொழியும் புரியும்.

12 அலைவரிசை காலியாக இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கரையில் அந்தக் கணக்கு அப்படியே செல்லாது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1982-ல் இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய பிறகு இந்தப் பக்கத்து ஆன்டெனாக்கள் பல இலங்கையை நோக்கித் திரும்பின. வெயில் காலத்தில் கடல்மேல் ஈரக்காற்றும் அதற்கு மேலே வறண்ட காற்றும் அடுக்காக நின்றால், அலை அதற்குள்ளேயே வளைந்து தொடுவானத்தையும் தாண்டிப் போகும். எந்த ஊரில் எந்த அலைவரிசை காலி என்று கருவிகள் பார்த்துக்கொள்ளும் தரவுத்தளத்தில் இந்திய ஒளிபரப்பிகள் மட்டும் இருந்தால், அது காலி என்று சொல்லும் அலைவரிசை இங்கே காலியாக இல்லாமல் போகலாம்.

அப்போது கருவிகளே கேட்டுப் பார்க்க வேண்டும். 2008-ல் அமெரிக்கா வைத்த அளவுகோல் மைனஸ் 114 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டில் 25,000 கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய ஒலியைப் பிடிக்க வேண்டுமானால் அக்கம்பக்கம் வாய்மூடியிருக்க வேண்டும். 802.22 தன் கருவிகளை அவ்வப்போது மௌனமாக்கிக் கேட்கும். அந்த நொடியில் பக்கத்துக் கடைப் பெட்டி பேசிக்கொண்டிருந்தால் அக்கரை ஒளிபரப்பு காதில் விழாது. ஆகவே மௌன நேரத்தையும் மேலாளரே எல்லாருக்கும் சேர்த்துக் குறிக்க வேண்டும். இலங்கை ஒளிபரப்பிகளின் பட்டியலையும் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். இங்கே முதல் பெட்டியைப் பொருத்தும் முன்பே இவை இரண்டும் நடந்தாக வேண்டும்.